ஃப்ரீஸ் பொத்தானை அழுத்திய மகனுக்கு

கண்ணு,

போன வாரம் நீ போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் சாப்பிட்டாயா, ஷிப்ட் எப்போது முடிந்தது என்று பேச்சை மாற்றினேன். சந்தோஷத்தில் அம்மாவுக்கு வாய் அடைத்துப்போச்சு என்று பக்கத்தில் நின்ற, நம் வீட்டுக்கு வரப்போகிற யமுனாவிடம் நீ சொல்லிச் சிரித்தது என் காதிலும் விழுந்தது. டீச்சர்களுக்கு ட்ரான்ஸ்ஃபர் மறுபடி திறந்துவிட்டார்கள், இந்த முறை ஒரு தப்பும் நடக்காது, வைகாசியில் கல்யாணம் நடப்பதற்குள் உன்னை நம் ஊர் நகரிக்கே கொண்டுவந்துவிடுவேன், அதுதான் நான் உனக்குக் கொடுக்கிற சீர் என்றாய். மாப்பிள்ளை தன் அம்மாவுக்குச் சீர் கொடுக்கிற அதிசயம் நம் வீட்டில்தான் நடக்கும். அந்த மனசுக்காக உன்னை இழுத்து வைத்துக் கொஞ்ச வேண்டும்போல இருக்கிறது. ஆனால் ராஜா, இதை முழுக்கப் படித்து முடிக்கும்வரை அந்த ட்ரான்ஸ்ஃபர் வெப்சைட் பக்கம் போகாதே. ரிட்டயர் ஆவதற்கு முன் எனக்குக் கிடைக்கிற கடைசி ட்ரான்ஸ்ஃபர் இது. நகரிக்கு வந்தாலும் சரி, இங்கேயே இருந்துவிட்டாலும் சரி, அப்புறம் மாற்ற முடியாது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுது தொலைப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அதை எப்போதும் உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டே சொல்வதால், நான் ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடுகிறேன். நகரிப் பக்கத்து ஹைஸ்கூலில் தமிழ் மீடியத்துக்கு நான் கணக்கு டீச்சராக இருந்தேன். ஆந்திராவில் தமிழ் மீடியமா என்று ட்ரெயினிங்குக்கு வருகிற கடப்பாக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். நம் எல்லையோர ஊர்களில் அது காலங்காலமாக நடந்து வந்தது. பிறகு எல்லாப் பள்ளியிலும் இங்கிலீஷ் மீடியம் என்று வந்தது. ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிர்ப்பக்கம் அதுவே தெலுங்கு என்று பாடப்புத்தகம் வந்தது. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகளை இரண்டு பக்கமும் சேர்ந்தே பாடாய்ப் படுத்தின. இங்கிலீஷ் படித்தால்தான் ஸ்ரீசிட்டி ஃபேக்டரிகளில் வேலை என்று அப்பா அம்மாக்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. தமிழ் செக்ஷன் வருஷா வருஷம் இளைத்து, கடைசியில் இங்கிலீஷ் செக்ஷனோடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்த அன்று என் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எதிர் வகுப்புக்குப் போய், கடைசி பெஞ்சில் ஒருத்தர்மேல் ஒருத்தராக நெருக்கி உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நான் அழுதேன். இரண்டு செக்ஷன் ஒன்றான பிறகு இரண்டு கணக்கு டீச்சர் எதற்கு? என்னை சர்ப்ளஸ் என்று சொன்னார்கள். வீட்டில் அரிசி மிஞ்சிப் பார்த்திருக்கிறேன், நானே மிஞ்சுவேன் என்று நினைத்ததில்லை.

சர்ப்ளஸ் ஆனவர்கள், போக விரும்பும் பள்ளிகளை வரிசைப்படி கம்ப்யூட்டரில் கொடுக்க வேண்டும். குப்பத்திலிருந்து சத்தியவேடுவரை பழைய சித்தூர் ஜில்லாவில் காலியிடம் எங்கெல்லாம் உண்டோ அத்தனையும் கொடுக்கச் சொன்னார்கள். நீ லீவு போட்டுவிட்டு வந்து, நெட் சென்டரில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து டிக் அடித்தாய். முதலில் எல்லாவற்றையும் டிக் அடிப்போம், அப்புறம் நகரி, புத்தூர், பிச்சாட்டூர் எல்லாவற்றையும் மேலே தூக்குவோம் என்பது உன் திட்டம். நடுவில் கரண்ட் ஒருமுறை போய் வந்தது. செய்த வேலை அழிந்துவிடுமோ என்று பயந்து, சேமிக்கிறதாக நினைத்து ஃப்ரீஸ் என்கிற பொத்தானை அழுத்தினாய். அதை அழுத்தினால் அப்புறம் அந்த பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியாது. ஊர்களெல்லாம் இங்கிலீஷ் எழுத்து வரிசையிலேயே நின்றுவிட்டன. முதலில் இருந்த ஊர்களைச் சீனியர்கள் எடுத்துக்கொள்ள, சந்திரகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஹைஸ்கூல் என் தலையில் விழுந்தது. நகரி எங்கேயோ கீழே கிடந்தது. அன்றைக்கு நீ சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். ஆனால் கண்ணு, நீ பொத்தானை அழுத்தியதும் ஓடிபி வந்தது என் போனுக்கு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்தாம் வகுப்புக்கு டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிதானமாகப் படித்துச் சொன்னது நான். பழியில் பாதி எனக்கு வரவேண்டியது. நீ முழுசாக எடுத்து வைத்துக்கொண்டாய்.

நான் பெட்டி தூக்கிய அன்று நம் தெருவே வந்து வழியனுப்பியது. தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றவர்களும் உண்டு. இந்த வயசில் இவளுக்கு இப்படி ஒரு தலையெழுத்தா என்றார்கள். நானும் அப்படியே நம்பி, மூக்கைச் சிந்திக்கொண்டுதான் ரயில் ஏறினேன். திருப்பதியில் ரமணம்மாவோடு ஒரு ரூமில் சேர்ந்துகொண்டேன். அவள் அதே பள்ளியில் தெலுங்கு டீச்சர், மதனப்பள்ளிக்காரி, வாயாடி. முதல் சாயங்காலம் நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதபோது, அழுது முடித்ததும் சொல்லு, கீழே சூடாக பஜ்ஜி போடுகிறான் என்றாள். அழுகை அத்தோடு நின்றது. கல்யாணம் ஆன நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் உலை வைக்க ஓடியவள், அன்றைக்குக் கையை வீசிக்கொண்டு தெருவில் நடந்தேன். எனக்கே திருட்டுத்தனமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி உனக்கு நான் புலம்பல்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். புலம்பலும் பொய்யில்லை. காலையில் உள்ளே நுழைந்ததும் அட்டெண்டன்ஸுக்காகப் போனைத் தூக்கி முகத்தைக் காட்ட வேண்டும். மூக்குத்தியை மாற்றிக்கொண்டு போன அன்று நான் நானில்லை என்று ஆப் சாதித்தது. அது முடிந்தால் பிள்ளைகளின் வருகை, மத்தியானச் சாப்பாட்டில் முட்டை, கழிப்பறைச் சுத்தம் என்று ஒன்றொன்றாகப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். டெஸ்ட் வைத்தால் மார்க்கையும் ஏற்ற வேண்டும். உன் நிச்சயதார்த்தத்துப் படத்தை அத்தை கேட்டபோது போனைத் திறந்தால், முட்டையும் கக்கூஸுமாகத்தான் வந்தது. பாடம் நடத்துகிற நேரத்தை இது தின்கிறது, அதை எந்த ஆபீசர் முன்னாலும் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நான் முதல்முதல் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் டீச்சர்களுக்கே கழிப்பறை கிடையாது. காலையில் குடித்த காப்பியோடு சரி, சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டோம். பெரிய வகுப்புப் பெண்கள் மாசத்தில் சில நாள் வரவே மாட்டார்கள். இங்கே அவர்களுக்கென்று தனியாகக் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, பெண்களும் வருகிறார்கள். அதனால் காலையில் அந்த ஆப்பைத் திட்டுகிறேன், மத்தியானம் கட்டிக்கொடுத்தவர்களை வாழ்த்துகிறேன். இரண்டையும் மனசாரச் செய்கிறேன்.

முதல் நாள் எட்டாம் வகுப்பு. என் தெலுங்கு உனக்குத் தெரியும், கடைவீதிக்கும் பஸ்ஸுக்கும் சண்டைக்கும் போதும். கணக்கை நான் தெலுங்கில் நினைத்ததே இல்லை. கரும்பலகையில் முக்கோணம் போட்டு, இங்கிலீஷில் ஒரு வரி சொல்லி, பிள்ளைகள் விழிக்கவும், விளக்குகிறேன் என்று வாயைத் திறந்தேன். "செங்கோணம்" என்று வந்துவிட்டது. யாருக்கும் புரியவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், இன்னும் சத்தமாகச் சொன்னேன். சத்தமாகச் சொன்னால் தமிழ் தெலுங்காகிவிடும் என்று நினைத்தேன்போல. வகுப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. அப்போது இரண்டாவது பெஞ்சிலிருந்து பவ்யா என்கிற பெண் எழுந்து, பயந்துகொண்டே, ஆனால் கண்ணெல்லாம் ஆசையாகக் கேட்டாள்.

"மீகு கூடா ராதா டீச்சர்?"

உங்களுக்கும் வராதா டீச்சர் என்று அர்த்தம். கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்தேனே, டீச்சருக்குமா என்கிற நிம்மதியில் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம், எனக்கும் வராது, நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்றேன். அன்றைக்கே ஒப்பந்தம் போட்டோம். பாடத்தின் நடுவில் நான் ஒரு தமிழ் வார்த்தை சொன்னால் வகுப்பில் ஆளுக்கொரு கடலை மிட்டாய் அபராதம். பிள்ளைகள் இங்கிலீஷில் தப்பாகச் சொன்னால் அபராதம் கிடையாது. வாயே திறக்காதவர்கள் மட்டும் சாயங்காலம் கரும்பலகையைத் துடைக்க வேண்டும். அதற்கப்புறம் வகுப்பைப் பார்க்க வேண்டுமே. என் வாயிலிருந்து தமிழ் விழுமா என்று பூனை எலிப்பொந்தைப் பார்ப்பதுபோல் பார்த்திருப்பார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டுமானால் நான் சொல்வதையெல்லாம் கேட்டாக வேண்டும் அல்லவா, பாடமும் கூடவே காதில் போய் விழுந்தது. கடைக்காரன் நான் ஏதோ மிட்டாய் ஏஜென்சி எடுத்திருப்பதாக நினைத்தான்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே போய்விடவில்லை. அந்த வருஷம் பெற்றோர் கூட்டம் என்று பெரிதாக, பந்தல் போட்டு நடத்தினார்கள். பவ்யாவின் அப்பா கடலை பயிரிடுகிறவர், நல்ல உயரம், மீசை. எல்லார் முன்னாலும் எழுந்து, எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க அரவ டீச்சர்தான் கிடைத்தாளா என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டார். அரவம் என்றால் நம் தமிழைத்தான் சொல்கிறார்கள். நகரியாக இருந்தால் நானும் நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். ஹெட்மாஸ்டர் அரைப்பரீட்சைவரை பொறுங்கள், அப்புறம் பேசுவோம் என்றார். அன்றிலிருந்து நான் படித்தேன் பார், பி.எட்.டில்கூட அப்படிப் படிக்கவில்லை. நகரியில் அத்தனை வருஷம் ஒரே பாடத்தை, ஒரே ஜோக்கோடு, அதே இடத்தில் நிறுத்தி நடத்தியவள் நான். தூக்கத்தில் எழுப்பினாலும் நடத்துவேன், பாதி நாள் தூக்கத்தில்தான் நடத்தியிருக்கிறேன். இங்கே சாயங்காலமானால் ரமணம்மா முன்னால் நாளைய பாடத்தைத் தெலுங்கில் சொல்லிப் பார்ப்பேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே திருத்துவாள். பிறகு அதையே இங்கிலீஷில் சொல்லிப் பார்ப்பேன். அப்படி மாற்றி மாற்றிச் சொல்லும்போது, ஒரு கணக்கு எந்த இடத்தில் பிள்ளைக்குப் புரியாமல் போகிறது என்று எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. இவ்வளவு வருஷம் கழித்து என் பாடம் எனக்குப் புதுசாகப் பிடித்துப்போனது.

அரைப்பரீட்சை முடிந்து அந்த மீசைக்காரர் வந்தார். தோளில் ஒரு சின்ன மூட்டை. என் மேஜைமேல் அதை இறக்கினார், பச்சை வேர்க்கடலை. வீட்டில் பவ்யா கணக்கை இங்கிலீஷில் சொல்லி அவள் தாத்தாவை அதட்டுகிறாளாம். டீச்சரம்மா அபராதம் கட்டியே ஓட்டாண்டி ஆகிவிட்டீர்களாமே, இனிமேல் கடலை நம் நிலத்திலிருந்து வரட்டும் என்றார். அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ரமணம்மாவும் நானும் அந்தக் கடலையை அவித்துத் தின்றுகொண்டே ரொம்ப நேரம் சிரித்தோம்.

இவ்வளவு நடந்தும் உன்னிடம் நான் என்ன சொன்னேன்? நீ கூப்பிட்டால், "இருக்கேன்பா" என்று ஈனசுரத்தில் இழுத்தேன். போன் அடித்ததும் எனக்கு எங்கிருந்து அந்தக் காய்ச்சல் வருகிறது என்று ரமணம்மா கேட்பாள். நீ என்னைக் கஷ்டப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாய், ஊரே பாவம் பாவம் என்றது, உன் நைனா தனியாகத் தறியோடும் அடுப்போடும் மல்லுக்கட்டினார். இதன் நடுவில், நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று ஒரு பெண்பிள்ளை எப்படிச் சொல்வாள்? சொன்னால் வீட்டைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் உன்னை இவ்வளவு நாள் குற்றவாளியாகவே வைத்திருந்தேன் பார், அது எனக்கு உறுத்துகிறது. நீயும் யமுனாவும் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். சந்தோஷத்தை மறைத்து வைத்தால் பக்கத்தில் இருப்பவர் தாமாக ஒரு துக்கத்தைக் கற்பனை செய்துகொள்வார். அவளுக்கு எது பிடிக்கும் என்று நீயாக முடிவு செய்துவிடாதே, வாயைத் திறந்து கேள். ஆசையாகச் செய்கிற காரியத்திலும் ஒருதரம் கேட்டுவிட்டுச் செய்.

ட்ரான்ஸ்ஃபர் திறந்த செய்தி இங்கே பிள்ளைகளுக்கும் போய்விட்டது. பரீட்சையெல்லாம் முடிந்த நேரம். ஒன்பதாவது முடித்து, அடுத்த வருஷம் பொதுப்பரீட்சை எழுதப்போகிற வகுப்பு. பவ்யா வகுப்பில் கேட்கவில்லை. நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு வந்து, செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றாள். பஸ் தூரத்தில் வருவதைப் பார்த்த பிறகுதான் கேட்டாள்.

"பதோ தரகதிகி மீரே உண்டாரா டீச்சர்?"

பத்தாம் வகுப்புக்கும் நீங்களே இருப்பீர்களா என்று கேட்டாள். தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ரூமுக்கு வருவதற்குள் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. நான் இங்கேதான் இருக்கப்போகிறேன், கண்ணு. என்னைச் சர்ப்ளஸ் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள், இன்னொரு இடத்தில் இருப்பீர்களா என்று ஒரு பிள்ளை கேட்கிறது. அந்தப் பிள்ளைக்காக மட்டும் என்று சொன்னால் அது பாதிப் பொய். எனக்காகவும்தான். காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன பாடம் என்று மனசு குதிக்கிறது, அது எனக்கு வேண்டும். உன் சீர் என் மனசுக்கு வந்து சேர்ந்துவிட்டது, ஆர்டர் காகிதம் மட்டும் வேண்டாம்.

ஆனால் உன் நைனாவை என்ன செய்வது? அது ஒன்றுதான் நெஞ்சில் கல்லாக இருந்தது. நேற்று அமாவாசை, தறிக்கு ஓய்வு. அமாவாசைக்கு அமாவாசை அவர் புளிசாதம் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருகிற விஷயம் உனக்குத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு அப்புறம் புதுமாப்பிள்ளை மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார். சந்திரகிரி கோட்டைக்குப் போய், புல்தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். உப்புக் கரித்தது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன். பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு, நான் நகரிக்கு வரவில்லை, இங்கே சந்தோஷமாக இருக்கிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் ஒட்டிய சோற்றைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபமா, வருத்தமா ஒன்றும் தெரியவில்லை.

"ஊர்ல அல்லாரும் உன்ன பாவம்னு சொல்லிக்கினு கீறாங்கோ. நீ இன்னாடான்னா பத்து வயசு கொறஞ்சிக்கினு கீறே. எனுக்குத் தெரியாதா?" என்றார். அப்புறம் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "முப்பது வருசமா நீ எங்க ஊட்ல வந்து இருந்தே. நான் உன் பக்கம் எங்கியும் வந்து இருந்ததில்ல. தறிய என் தம்பிகிட்ட உட்டுட்டு நான் இங்க வந்துடறேன். உன் இஸ்கூல் கிட்டயே ஒரு ஊடு பாரு. நீ பாடம் நடத்து, நான் சமைக்கிறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் காலேஜ் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன். அப்போதே எழுந்து வீடு பார்க்கப் போனோம். சந்திரகிரியிலேயே, கடைத்தெருவுக்குப் பின்னால், இரண்டு ரூமும் ஒரு மாடிப்படியும் உள்ள வீடு. உன் கல்யாணம் நகரியிலேயே நடக்கட்டும், நம் ஜனம் எல்லாம் அங்கேதானே இருக்கிறது. அது முடிந்ததும் நீயும் யமுனாவும் முதல் விருந்துக்கு இங்கே வாருங்கள்.

வீட்டுக்காரர் பெரியவர், எல்லாவற்றையும் விசாரிக்கிறவர். நாங்கள் யார், எந்த ஊர், என்ன வேலை என்று உன் நைனாவைப் பார்த்துக் கேட்டார். ஊரில் என்னை எங்கே கூட்டிப்போனாலும், இவள் தறிக்கார வீட்டு மருமகள் என்றுதான் சொல்லுவார் உன் நைனா, பெயரைக்கூடச் சொல்லமாட்டார். நேற்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, நல்ல தெலுங்கில், "நேனு டீச்சரம்மா மொகுடண்டி" என்றார். நான் டீச்சரம்மாவின் புருஷன் என்று.